இளைஞர் ஊழியக் கல்வியும் அதன் பின் வாழ்வும்

ஒருநாள் மாலை, திருவரங்கத்து நண்பர் ஒருவரோடு சிந்தாமணியினின்று காவிரிப் பாலத்தின்மீது நடந்து சென்றேன். பட்டம் பெற்றபின் யாது செய்யக் கருதுகின்றீர் என்று அவர் வினவ, இறையியல் பயின்று இளைஞரிடை ஊழியம் செய்ய விழைகின்றேன் என்றேன். "அதனைக் கற்பிக்கும் சர்வகலாசாலை யாது? கற்றபின் உத்தியோகம் என்ன?" என்றார். சின்னாட்களுக்கு முன் என் தந்தையாரும் இதனையே கேட்டிருந்தார். இருவர்க்கும் விடை கூற இயலாது நாணினேன். பின்னர் ஆராய்ந்து அறிந்தவற்றை, இவ்வெண்ணமுடைய பிற மாணவர்க்கும் பயன்படுமாறு ஈண்டு எழுதத் துணிந்தேன்.

முதற்கண் கல்வியைக் கூறுவாம். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இளைஞர் ஊழியம் என்னும் பெயராலேயே பட்டம் தரும் கலாசாலைகள் உள. நம் நாட்டில் இறையியற் பட்டத்திற்குப் பழைமையான வாயில் வங்காளத்துச் சீராம்பூர்க் கல்லூரியாம். கேரி, மார்ஷ்மன், வார்டு என்னும் மூவர் 1818-இல் நிறுவிய அக்கல்லூரிக்கு, 1827-இல் டென்மார்க் மன்னர் பட்டமளிக்கும் உரிமையைச் சாசனமாக வழங்கினார். மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியற் கல்லூரியும், சென்னைக் குருகுலமும், பெங்களூர் ஐக்கிய இறையியற் கல்லூரியும் அதனோடு இணைந்தவை. முன்னரே ஒரு பட்டம் பெற்றவர் பி.டி. பட்டத்திற்கு நான்காண்டு பயிலல் வேண்டும். வேதாகமம், திருச்சபை வரலாறு, பிற சமயங்கள், ஊழிய முறை என்பன பாடங்கள். இளைஞரைப் பேணுதல் ஊழிய முறையில் ஒரு கூறாக அமையும். சமயச் சார்பற்ற வழியை விரும்புவார்க்கு, நடுவண் அரசினர் 1993-இல் ஸ்ரீபெரும்பூதூரில் நிறுவிய இராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் உண்டு.

இனி உத்தியோகம். பட்டம் பெற்ற மாத்திரத்தே ஒருவர் குருவாகிவிடார். தென்னிந்தியத் திருச்சபையில் அவரைத் தெரிந்தெடுத்து அபிஷேகம் செய்விப்பது திருமண்டலமே. ஆகலின் பயிலப் புகுமுன்னரே தம் திருமண்டலத்தாரை அணுகுதல் அறிவுடைமை. அபிஷேகம் பெறாதார்க்கு ஒய்.எம்.சி.ஏ. செயலாளர், மாணவர் கிறிஸ்தவ இயக்கப் பணியாளர், விடுதிக் காப்பாளர், நீதிபோதனை ஆசிரியர் என்னும் வேலைகள் உண்டு. இடங்களோ சில; ஊதியமும் பெரிதன்று. இதனை மறைத்துக் கூறல் நேர்மையாகாது.

ஆயினும் சிறு பதவியிற் புகுந்தார் சிறு பணியே செய்தனர் என்று எண்ணற்க. வெள்ளாளன்விளையிற் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் பயின்றும் பட்டம் பெறாமலே 1895-இல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளரானார். அவரே 1903-இல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் தோன்ற முன்னின்றார். 1912-இல் தோர்ணக்கல் அத்தியட்சரானார். சேலத்துக் கே. டி. பால் 1916-இல் ஒய்.எம்.சி.ஏ.வின் முதல் இந்தியத் தேசியப் பொதுச் செயலாளராகி, கிராம முன்னேற்றத்திற்கும் கூட்டுறவுக் கடன் முறைக்கும் உழைத்தார். அமெரிக்கரான ஹாரி பக் 1920-இல் சென்னையில் தொடங்கிய உடற்பயிற்சிப் பள்ளி இன்று கல்லூரியாக விளங்குகின்றது. இவர்களெல்லாம் இளைஞரோடு பழகி உழைத்தனர்.

இவற்றை நண்பரிடம் கூறினேன். இராமாநுசர் அவதரித்த ஊரில் இளைஞர்க்கொரு நிறுவனம் உண்டென்று கேட்டு மகிழ்ந்த அவர், "எங்கள் கோயிலில் அரையர் சேவை தந்தையிடமிருந்து மகனுக்கு வழிவழியாக வருவது, உமக்கு இது தக்கதென்று யார் உறுதி கூறுவார்?" என்றார். அவ்வினா என் நெஞ்சைத் தைத்தது. நமக்கு அத்தகைய பரம்பரை உரிமை இல்லை. நம் எண்ணம் மெய்யான அழைப்போ, வேறு வேலை கிடையாதென்னும் அச்சத்திற் பிறந்ததோ என்பதை நாமே சோதித்தறிதல் வேண்டும்.

ஆகவே தந்தையாரிடம் இவ்வாறு கூறினேன்: முதலில் தமிழ்ப் பட்டத்தைச் செவ்வனே முடிப்பேன், அதனால் ஆசிரியத் தொழிலுக்கு வழியுண்டாம். அதன்பின் இரண்டாண்டு, ஆசிரியப் பணியோடு நம் ஆலயத்து ஓய்வுநாட்பாடசாலையிலும் வாலிபர் கூட்டத்திலும் உழைப்பேன். அப்பொழுதும் இவ்வார்வம் குன்றாதிருப்பின் திருமண்டலத்தாரிடம் விண்ணப்பிப்பேன். தந்தையார் சிறிது நேரம் வாளாவிருந்து, "இரண்டாண்டு என்றாய், நினைவிருக்கட்டும், தம்பி" என்றார்.

இவ்வழியை நாடும் மாணவ நண்பர்களே, ஊதியம் எவ்வளவு என்று கேட்பது குற்றமன்று. அதனைக் கேட்டறிந்த பின்னும் நெஞ்சம் பின்வாங்காதாயின், அப்பொழுது பயிலப் புகுக.