மனநல ஆலோசகர் பயிற்சியும் பதிவுக் கருவிகளும்

மனநோய்க்குச் செய்யப்படும் பேச்சுச் சிகிச்சை முறைகள் பலவாம். அவற்றுள் எம்முறையைக் கையாண்டாலும், ஆலோசகருக்கும் நோயாளிக்கும் இடையே நல்லுறவு அமையாவிடில் பயன் குறைவே. எட்வர்ட் போர்டின் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் 1979-இல் இவ்வுறவின் கூறுகளை மூன்றாகப் பகுத்தார். குறிக்கோளில் இசைவு, செய்ய வேண்டிய பணியில் இசைவு, நம்பிக்கையால் விளையும் பிணைப்பு என்பன அவை. 2018-இல் வெளிவந்த தொகுப்பாய்வொன்று 295 ஆய்வுகளை ஒருங்கே வைத்து நோக்கியது. அவற்றில் இடம்பெற்ற நோயாளிகள் 30,000-க்கு மேற்பட்டோர். உறவு உறுதியாய் அமைந்தவிடத்துக் குணமும் மிகுந்து காணப்படுகிறது என்பதே அதன் முடிவு.

அங்ஙனமாயின், இவ்வுறவை வளர்க்கும் திறனைக் கற்பிக்க இயலுமா? பரிவு பிறவிக்குணம், பயிற்சியால் வருவதன்று என்று எண்ணுவோர் இன்றும் உளர். நல்லாசிரியர் பிறக்கிறாரேயன்றி உருவாக்கப்படுவதில்லை என்னும் பழைய பேச்சுக்கு இஃது உடன்பிறப்பு எனலாம்.

இவ்வெண்ணத்தை அசைத்தது ஓர் இசைத்தட்டு. ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1940-இல் பணியேற்ற கார்ல் ரோஜர்ஸ், தம் மாணவர்களுடன் சேர்ந்து சிகிச்சை உரையாடல்களைத் தட்டுகளில் பதிவு செய்தார். சில நிமிடங்களுக்கு ஒருமுறை தட்டை மாற்ற வேண்டிய காலம் அது. பதிவைக் கேட்டபோது வியப்பு காத்திருந்தது. ஆலோசகர் நினைவிலிருந்து எழுதிய குறிப்புகளில், நடந்த உரையாடலின் பெரும்பகுதி விடுபட்டிருந்தது. நோயாளியைத் தம் போக்கில் பேசவிட்டதாக நம்பியிருந்தவர்கள், உண்மையில் அவரை இடைமறித்துத் தம் வழிக்கே இழுத்திருந்தனர். பொய் சொல்ல எவரும் எண்ணவில்லை; நினைவு அப்படிப்பட்டது. 1942-இல் ரோஜர்ஸ் வெளியிட்ட நூலில் ஒரு நோயாளியின் எட்டு அமர்வுகள் சொல்லுக்குச் சொல் அச்சாயின.

அடுத்த படி ஆசிரியர் பயிற்சியிலிருந்தே வந்தது என்பது இவ்வேட்டைப் படிப்போர்க்கு உவகை தரும். ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் 1963-இல் தோன்றிய நுண்ணிலைக் கற்பித்தலை ஆசிரியப் பெருமக்கள் அறிவர். நான்கைந்து மாணவர், சில நிமிடப் பாடம், ஒரே ஒரு திறன், பின் திருத்தம், மீண்டும் பாடம். இதனை ஆலன் ஐவி என்பார் 1960-களின் பிற்பகுதியில் ஆலோசகர் பயிற்சிக்கு மாற்றி, ஒளிப்பதிவு நாடாவையும் துணைக்கொண்டார். முதற் பாடம் கண்ணோக்கு, உடலிருப்பு, பேச்சைத் தொடர்தல் ஆகியவையே. இவை மிக எளியவையாகத் தோன்றலாம். ஒரு சான்றால் இதன் அருமை விளங்கும். “அம்மா போன பிறகு வீட்டுக்குப் போகவே பிடிக்கவில்லை” என்கிறார் ஒருவர். “சரி, தூக்கம் எப்படி இருக்கிறது?” என்று கேட்கிறார் பயிற்சியாளர். வினாவில் தவறில்லை, மருத்துவக் குறிப்பேட்டில் அதற்கு இடமும் உண்டு. ஆனால் வந்தவர் திறந்த கதவு அக்கணமே சாத்தப்பட்டுவிட்டது. “வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது போலும்” என்றிருப்பின் அவர் மேலும் பேசியிருப்பார். பேசும்போது இவ்வேறுபாடு புலப்படாது. பதிவில் நோயாளியின் முகம் வாடுவதைக் கண்டால் புலப்படும்.

மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்து நார்மன் கேகன் 1960-களில் வகுத்த முறை இதனினும் நுட்பமானது. பதிவை ஓடவிட்டு, வேண்டியவிடத்துத் தாமே நிறுத்தும் உரிமையைப் பயிற்சியாளருக்கு அவர் அளித்தார். அருகிருப்பவர் குறை கூறுதல் கூடாது. “அப்போது என்ன நினைத்தீர்? சொல்ல எண்ணிச் சொல்லாமல் விட்டது யாது?” என்று மட்டும் வினவுவார். “நோயாளி அழுதுவிடுவாரோ என்று அஞ்சிப் பேச்சை மாற்றினேன்” என்பது போன்ற விடை வருவது இவ்வாறுதான். மேற்பார்வையாளர் வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து குறிப்பெழுதிச் செல்லும் பழைய வழக்கோடு இதனை ஒப்பிட்டுப் பார்ப்பது தகும்.

இக்காலத்தில் நாடாவின் இடத்தைக் கணினி பிடித்துள்ளது. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தார் 2007-ஆம் ஆண்டளவில், திரையில் தோன்றிப் பேசும் கற்பனை இளைஞன் ஒருவனை நோயாளியாக அமைத்தனர். அவனிடம் தவறு செய்தால் எவருக்கும் தீங்கில்லை என்பது பெரும் நன்மை. அதே பல்கலைக்கழகத்தில் பேச்சாய்வுத்துறையில் பணிபுரியும் சிறீகாந்த் நாராயணன், சென்னைக் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்றவர். அவரும் பிற அறிஞரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், கணினியே உரையாடலின் ஒலியைக் கேட்டு எழுத்தாக்கி, ஆலோசகரின் பரிவை மதிப்பிட்டது. அம்மதிப்பீடு மனித மதிப்பீட்டாளரின் கணிப்போடு பெரிதும் ஒத்திருந்தது.

இத்தகைய கணிப்புக்குத் தேவை ஏன் எழுந்தது என்பதையும் கூற வேண்டும். வில்லியம் மில்லரும் உடனிருந்தோரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு, பயிலரங்கோடு நில்லாமல், செய்த பணியைக் கேட்டுக் கருத்துரைப்பதும் வழிகாட்டுவதும் சேர்ந்தால்தான் திறன் நன்கு கைகூடுகிறது என்று காட்டியது. ஒரு மணி நேரப் பதிவைக் கேட்டு மதிப்பிட ஒருவர்க்கு ஒரு மணிக்கு மேலாகும். அதற்கு ஆளில்லை. ஆகவே கணினி.

எனினும் கணினி கேட்பது சொல்லையும் தொனியையுமே. நோயாளி பத்து நொடி மௌனமாக இருந்தால் அதனை அளந்துவிடும். அம்மௌனம் துயரமா, சினமா, நிம்மதியா என்று அறிய அருகிலிருந்தவரைத்தான் கேட்க வேண்டும். கேகன் வகுத்த முறை பழையதாகிவிடாமைக்குக் காரணம் இதுவே.

மற்றொன்று, பதிவு செய்யப்படுவது வேறொருவரின் துன்பம். அவர் எழுத்தால் இசைந்த பின்னரே கருவியை இயக்க வேண்டும். பதிவு எங்கே, எவ்வளவு காலம், யார் கையில் இருக்கும் என்பதும் அவருக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்பட வேண்டும். நடுவில் வேண்டாம் என்றால் அப்பொழுதே நிறுத்த வேண்டும். மறுத்தவருக்குச் சிகிச்சையில் குறை வைத்தலும் ஆகாது.