மறுமுனையில் யார்? சி நிரல்களும் பாதுகாப்பான இணைப்பும்

சி மொழியை 1970களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிச்சி பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியபோது, ஒரு கணினி இன்னொன்றோடு பேசுவதே அரிய காரியமாக இருந்தது. அதனால், அம்மொழியின் தர வரையறையில் பிணையத்தைப் பற்றியோ குறியாக்கத்தைப் பற்றியோ இன்றுவரை ஒரு சொல்லும் இல்லாததில் வியப்பில்லை. பிணையத்துக்கான வழியை 1983இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் வெளியிட்ட 4.2 பி.எஸ்.டி. என்ற யூனிக்ஸ் இயங்குதளம் திறந்துவிட்டது. அது அறிமுகப்படுத்திய 'சாக்கெட்' என்பது, நிரலர் ஒரு கோப்பில் எழுதுவதைப் போலவே பிணையத்தில் எழுதவும், கோப்பிலிருந்து படிப்பதைப் போலவே பிணையத்திலிருந்து படிக்கவும் இடம்தரும் ஏற்பாடாகும். எழுதிய பைட்டுகள் எழுதியபடியே செல்வதால், வழியிலுள்ள எந்தக் கணினியும் அவற்றைப் படிக்கவும், விரும்பினால் திருத்தவும் முடியும் என்பதே அதன் குறை.

அக்குறையைத் தீர்க்க வந்த நெறிமுறை, அதாவது இரு கணினிகள் எந்த வரிசையில் எதைப் பேசவேண்டும் என்ற உடன்பாடு, முதலில் எஸ்.எஸ்.எல். என்றும் பின்னர் டி.எல்.எஸ். என்றும் பெயர் பெற்றது. நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவிக்காக 1995இல் வெளியிட்ட இரண்டாம் பதிப்பிலும் அதற்கடுத்த ஆண்டின் மூன்றாம் பதிப்பிலும் பிழைகள் இருந்தன. 1999இல் பொதுத்தரமாகி டி.எல்.எஸ். எனப் பெயர் மாறிய அந்நெறிமுறையின் 1.2 பதிப்பு 2008இலும், 1.3 பதிப்பு 2018 ஆகஸ்டிலும் வந்தன. இன்று இவ்விரண்டைத் தவிர மற்றவற்றைப் பயன்படுத்துவது முறையன்று.

இந்நெறிமுறையைத் தாமே சியில் எழுதத் துணிபவர் மிகச் சிலரே. துணியாமல் இருப்பதே அறிவுடைமை. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த எரிக் யங், டிம் ஹட்சன் ஆகிய இருவரும் 1995 அளவில் எழுதிய எஸ்.எஸ்.எல்.இ.ஏ.ஒய். என்ற நிரல்தொகுப்பிலிருந்து 1998 டிசம்பரில் கிளைத்த 'ஓப்பன் எஸ்.எஸ்.எல்.' என்ற திறந்த மூல லைப்ரரியே இன்று பெரும்பாலான சி நிரல்களுக்கு இவ்வேலையைச் செய்துதருகிறது. சிறு கருவிகளுக்கு ஏற்ற எம்பெட் டி.எல்.எஸ்., உல்ஃப் எஸ்.எஸ்.எல். போன்றவையும் உள்ளன.

இத்தகைய இணைப்பு அமைவதற்கு முன் இரு தரப்பும் நடத்தும் ஆரம்பப் பேச்சுக்குக் 'கைகுலுக்கல்' என்று பெயர். நிரல் தனக்குத் தெரிந்த பதிப்புகளையும் குறியாக்க முறைகளையும் சொல்கிறது. சர்வர் அவற்றில் ஒன்றைத் தேர்ந்து, தன் சான்றிதழை நீட்டுகிறது. பிறகு, யார் ஒட்டுக்கேட்டாலும் ஊகிக்க முடியாத ஓர் இரகசியச் சாவியை இருவரும் சேர்ந்து கணக்கிட்டுக்கொள்கிறார்கள். 1976இல் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் வெளியிட்ட கருத்தின் வழிவந்த இக்கணக்கீட்டின் சிறப்பு, சாவியைப் பிணையத்தின் வழியே அனுப்பாமலே இரு முனையிலும் ஒரே சாவி பிறப்பதாகும். ஆயினும் அக்கணக்கீடு, சாவியை யாரோடு சேர்ந்து உருவாக்குகிறோம் என்பதைச் சொல்வதில்லை. நடுவில் புகுந்த ஒருவன் தன்னையே வங்கியாகக் காட்டிக்கொண்டால், அவனோடும் அதே நேர்த்தியான, உடைக்கமுடியாத சாவி உருவாகிவிடும். பணப்பெட்டியை உறுதியாகப் பூட்டிச் சாவியோடு திருடனிடமே ஒப்படைப்பதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. ஆகவே குறியாக்கத்தைவிட, மறுமுனையில் இருப்பவர் யார் என்ற வினாவே முதன்மையானது. இத்தகைய இணைப்புகளில் சி நிரல்கள் செய்த தவறுகள் பல இவ்வினாவைக் கேட்காமல் விட்டதாலோ அரைகுறையாகக் கேட்டதாலோ விளைந்தவை.

சான்றிதழ் என்பது ஒரு தளத்தின் பெயரையும் அதற்குரிய பொதுச்சாவியையும் (யாரும் காணத்தக்க சாவி; அதற்கு இணையான தனிச்சாவி தளத்திடமே மறைவாக இருக்கும்) இணைத்து, சான்றளிப்பு நிறுவனம் ஒன்று மின்கையொப்பம் இட்ட சிறு கோப்பு. அதை ஏற்பதற்கு முன் நிரல் சிலவற்றை உறுதிசெய்தாக வேண்டும். கையொப்பங்களின் தொடர், கணினியில் முன்பே வைக்கப்பட்டுள்ள நம்பகமான மூலச் சான்றிதழ் ஒன்றில் போய் முடிகிறதா, காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்பவை ஒரு புறம். சான்றிதழிலுள்ள பெயர், நிரல் தொடர்புகொள்ள எண்ணிய தளத்தின் பெயர்தானா என்பது மறுபுறம். இரண்டாவதைத் தவிர்த்தால் முதலாவதால் பயனில்லை. ஏனெனில், மோசடிக்காரனும் தன் சொந்தத் தளத்துக்கு முறையான சான்றிதழ் ஒன்றைச் சில நிமிடங்களில், இன்று இலவசமாகவே பெற்றுவிடலாம்.

ஓப்பன் எஸ்.எஸ்.எல்.இல் இவற்றை அமைக்கும் முறை கடினமானதன்று. முதலில், பல இணைப்புகளுக்குப் பொதுவான விதிகளைத் தாங்கும் 'கான்டெக்ஸ்ட்' என்ற பொருளை உருவாக்கி, கணினியின் மூலச் சான்றிதழ்கள் இருக்கும் இடத்தை அதற்குக் காட்டி, சரிபார்ப்பைக் கட்டாயமாக்கி, ஏற்கத்தக்க மிகப் பழைய பதிப்பு டி.எல்.எஸ். 1.2 என்று வரம்பு கட்ட வேண்டும். அடுத்து, அந்தக் கான்டெக்ஸ்டிலிருந்து ஓர் இணைப்புக்கான பொருளைப் பிறப்பித்து, தளத்தின் பெயரை அதற்கு இருமுறை சொல்ல வேண்டும். ஒருமுறை, ஒரே முகவரியில் பல தளங்களை நடத்தும் சர்வர் எந்தச் சான்றிதழை நீட்டுவது என்று அறிவதற்காக. மறுமுறை, வந்த சான்றிதழில் அப்பெயர் உள்ளதா என்று லைப்ரரி ஒப்பிடுவதற்காக. முதலாவதைச் செய்ததும் இரண்டாவதும் தானே நடந்துவிடும் என்று எண்ணுவது புதியவர்களிடம் அடிக்கடி காணப்படும் மயக்கம். இதன் பின்னரே சாக்கெட்டை அதனோடு பொருத்திக் கைகுலுக்கலைத் தொடங்க வேண்டும்.

இவற்றில் எதையும் செய்யாமல் நேரே கைகுலுக்கலுக்குப் போனாலும் இணைப்பு அமைந்துவிடும் என்பதுதான் சிக்கல். வாடிக்கையாளர் பக்க நிரல்களுக்கு, அதாவது சர்வரை நாடும் நிரல்களுக்கு, ஓப்பன் எஸ்.எஸ்.எல். வைத்திருக்கும் இயல்பான அமைப்பு 'சரிபார்க்க வேண்டாம்' என்பதே. சான்றிதழ் பொய்யானாலும் கைகுலுக்கல் நிறைவேறி, தரவும் குறியாக்கத்தோடு பாயும். சோதித்துப் பார்க்கும் நிரலருக்குத் திரையில் தெரிவது வெற்றி மட்டுமே. போதாக்குறைக்கு, பெயரை ஒப்பிடும் வசதியே அந்த லைப்ரரியில் 2015இன் 1.0.2 பதிப்பில்தான் வந்தது. ஒரே அழைப்பில் அதை முடித்துவைக்கும் எளிய வழி 2016இன் 1.1.0 பதிப்பில் சேர்ந்தது. 1.0.2 வரும்வரை, அந்த லைப்ரரியை நேரடியாகப் பயன்படுத்திய நிரலர்கள் ஒப்பிடும் பகுதியைத் தம் கைப்பட எழுதவேண்டியிருந்தது.

அப்படிக் கைப்பட எழுதியதில் சி மொழியின் ஒரு பழைய வழக்கமே கண்ணியாக மாறியது. சியில் ஒரு சொற்சரம் எங்கே முடிகிறது என்பதை அதன் இறுதியில் வரும் சுழி மதிப்புள்ள பைட் காட்டுகிறது. சான்றிதழிலோ பெயரின் நீளம் முதலிலேயே எண்ணாகக் குறிக்கப்படுவதால், பெயரின் நடுவில் சுழி பைட் வந்தாலும் தடையில்லை. அந்நாளில் மோசடிக்காரன் ஒருவன் வங்கியின் பெயர், அடுத்துச் சுழி பைட், அதன் பின் புள்ளியும் தன் சொந்தத் தளத்தின் பெயரும் என்று கோத்து ஒரு சான்றிதழுக்கு விண்ணப்பித்தால், சான்றளிப்பு நிறுவனம் கடைசிப் பகுதியைப் பார்த்து, அத்தளம் அவனுடையதுதான் என்று கையொப்பமிட்டுவிடும். அதைப் பெறும் சி நிரலோ சுழியைக் கண்டதும் நின்று, முன்பகுதியை மட்டும் ஒப்பிட்டு, வங்கியேதான் என்று நம்பிவிடும். மாக்ஸி மார்லின்ஸ்பைக்கும் டான் கமின்ஸ்கியும் 2009இல் லாஸ் வேகாஸில் நடந்த பிளாக் ஹேட் மாநாட்டில் இதைத் தனித்தனியே வெளிப்படுத்தியபோது, கணிதத்தில் ஒரு வரியும் உடைபடவில்லை. சான்றளிப்பு நிறுவனமும் நிரலும் ஒரே பெயரை இருவிதமாகப் படித்தன, அவ்வளவுதான்.

இதற்கு இணையான இன்னொரு தவறை, ஸ்டான்ஃபோர்டு, டெக்சஸ் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட கட்டுரை காட்டியது. சியில் எழுதப்பட்டுப் பல மொழிகளிலிருந்தும் பயன்படுத்தப்படும் 'லிப்கர்ல்' என்ற லைப்ரரியில், பெயர்ச் சரிபார்ப்புக்கான அமைப்பு மூன்று மதிப்புகளை ஏற்றது: 0 என்றால் சரிபார்ப்பே இல்லை, 1 என்றால் சான்றிதழில் ஏதேனும் ஒரு பெயர் இருந்தால் போதும், 2 என்றால்தான் பெயர் பொருந்தியாக வேண்டும். சரிபார்ப்பு வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு நிரலர்கள் அங்கே 'உண்மை' என்ற தருக்க மதிப்பை எழுத, அது 1ஆக மாறி, இயல்பாகவே 2ஆக இருந்த பாதுகாப்பைக் குறைத்துவிட்டது. தொடாமல் விட்டிருந்தால் காப்பாக இருந்திருக்கும்! அதே ஆண்டு நவம்பரில் வந்த 7.28.1 பதிப்பு, 1 என்ற மதிப்பைப் பிழையெனத் திருப்பியனுப்பத் தொடங்கியது. பயன்படுத்துவோரைக் குறைசொல்வதைவிட, தவறான வழியை அடைத்துவிடுவதே மேல் என்பதற்கு இம்மாற்றம் நல்ல சான்று.

லைப்ரரியின் உள்ளேயே தவறு இருந்தால் நிரலர் செய்யக்கூடியது குறைவே. 2014 ஏப்ரல் 7 அன்று வெளியான 'ஹார்ட்பிளீட்' அத்தகையது. இணைப்பு உயிரோடு உள்ளதா என்று அறிய ஒரு தரப்பு சிறு செய்தியை அனுப்பி, அதை அப்படியே திருப்பி அனுப்புமாறு கேட்கும் வசதி ஒன்று ஓப்பன் எஸ்.எஸ்.எல்.இன் 1.0.1 பதிப்பில், 2012 மார்ச்சில், சேர்க்கப்பட்டிருந்தது. செய்தியின் நீளத்தை அனுப்புபவரே இரண்டு பைட் எண்ணில் சொல்வார். ஒரே ஒரு பைட் அனுப்பிவிட்டு, நீளம் 65,000 என்று பொய் சொன்னால், மறுமுனை அதைச் சரிபார்க்காமல் அத்தனை பைட்டுகளையும் தன் நினைவகத்திலிருந்து நகலெடுத்துத் திருப்பியது. அப்படிக் கசிந்தவற்றில் கடவுச்சொற்களும் சர்வரின் தனிச்சாவியும்கூட இருக்கலாம். சொன்ன நீளம் வந்த நீளத்துக்குள் அடங்குகிறதா என்ற சோதனையைச் சேர்த்ததும் பிழை தீர்ந்தது. இணைய வணிகத்தின் பெரும்பகுதி சார்ந்திருந்த அத்திட்டத்தில் அப்போது முழுநேரமாக வேலைசெய்தவர் ஒருவரே. நன்கொடையாக வந்தது ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 டாலர். இதன் பின்னரே பெருநிறுவனங்கள் நிதி தர முன்வந்தன. ஓப்பன் பி.எஸ்.டி. குழுவினர் 'லிப்ரே எஸ்.எஸ்.எல்.' என்றும், கூகுள் 'போரிங் எஸ்.எஸ்.எல்.' என்றும் தத்தம் கிளைகளைப் பிரித்துக்கொண்டதும் அதே ஆண்டில்தான்.

இணைப்பு அமைந்த பின் தரவைப் படிப்பதும் எழுதுவதும் சாக்கெட்டைப் போலத் தோன்றினாலும், இரண்டு வேறுபாடுகள் உண்டு. டி.எல்.எஸ். தரவைப் 'பதிவு' எனப்படும் கட்டுகளாகப் பிரித்து அனுப்புவதாலும், ஒரு கட்டு முழுமையாக வந்தால்தான் அதைத் திறக்க முடியும் என்பதாலும், காத்திருக்காத முறையில் இயங்கும் சாக்கெட்டில் படிக்க முயலும்போது 'இன்னும் வரவேண்டும்' என்றோ, சில வேளைகளில் 'முதலில் எழுதியாக வேண்டும்' என்றோ விடை வரும்; இவற்றைப் பிழையாகக் கருதி இணைப்பைத் துண்டிப்பது தவறு. மற்றொன்று முடிவைப் பற்றியது. முறையாக விடைபெறும் தரப்பு, தான் முடித்துக்கொள்வதாக ஒரு செய்தியைக் குறியாக்கப் பாதுகாப்போடு அனுப்பும். அச்செய்தி வராமல் இணைப்பு அறுந்தால், தரவின் பிற்பகுதியை யாரோ இடையில் வெட்டியிருக்கக்கூடும் என்பதால், வந்தவரை முழுமை என்று கொள்ளலாகாது.

சரியாக எழுதிய நிரலும் சரிபார்ப்பை மறந்த நிரலும் நல்ல சர்வரிடம் ஒரேபோல நடந்துகொள்வதால், தவறான சர்வர்களிடம் அனுப்பிப் பார்ப்பதுதான் இவற்றை வேறுபடுத்தும் சோதனை. காலாவதியான சான்றிதழ், வேறு பெயருக்குரிய சான்றிதழ், தனக்குத்தானே கையொப்பமிட்டுக்கொண்ட சான்றிதழ் ஆகியவற்றை நீட்டும் முகவரிகளை இதற்காகவே 'பேட் எஸ்.எஸ்.எல்.' என்ற தளம் பொதுமக்களுக்குத் திறந்துவைத்திருக்கிறது. அவை ஒவ்வொன்றிலும் கைகுலுக்கல் தோல்வியடைந்து, எக்காரணத்தால் என்ற செய்தியும் கிடைக்க வேண்டும். ஒன்றிலாவது இணைப்பு அமைந்துவிட்டால் அந்த நிரலை வெளியிடக் கூடாது.