விழப்போகிற பல்லுக்கு வைத்தியமா?

திருச்செந்தூரிலிருந்து திரும்புகிறவர்கள் பலர் கையில் பனங்கற்கண்டோ சில்லுக்கருப்பட்டியோ இருக்கும். அருகிலுள்ள உடன்குடியின் கருப்பட்டிக்குத் தனிப் பெயரே உண்டு. "கருப்பட்டி பல்லை ஒன்றும் செய்யாது" என்று சிலர் சொல்வார்கள். ஆனால் அதிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். வாயிலுள்ள பாக்டீரியாக்கள் சீனி, கருப்பட்டி என்று பேதம் பார்ப்பதில்லை; இரண்டையும் அமிலமாக்கி எனாமலைக் கரைத்துவிடுகின்றன.

உங்கள் தம்பிக்குக் கடைவாயில் ஒரு பால்பல் சொத்தை என்று வைத்துக்கொள்வோம். விழப்போகிற பல்தானே என்று விட்டுவிடலாமா? இரண்டாம் பால் கடைவாய்ப்பல் 10 முதல் 12 வயதுவரை இருக்கவேண்டியது. அதனடியில் நிலைப்பல் ஒன்று வளர்ந்துகொண்டிருக்கிறது. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போல, பால்பல் அதற்கு இடம் பிடித்து வைத்திருக்கிறது! 7 வயதிலேயே அதைப் பிடுங்கிவிட்டால், பின்னால் 6 வயதில் முளைத்த பெரிய நிலைக் கடைவாய்ப்பல் மெல்ல முன்னே நகர்ந்து அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும். பிறகு வரவேண்டிய பல் கோணலாக முளைக்கும். சில சமயம் ஈறுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

குழந்தைப் பல் மருத்துவர், பல் மருத்துவப் பட்டத்துக்குப் பின் மேலும் 3 ஆண்டு இதற்கென்றே படித்தவர். அவர் முதலில் பால்பல்லின் வேர்க்குழலைச் சுத்தம் செய்து அடைத்து, மேலே எஃகு உறை மாட்டி அதைக் காப்பாற்றப் பார்ப்பார். பிடுங்கித்தான் ஆகவேண்டுமென்றால், பக்கத்துப் பல்லில் ஒரு வளையம் பொருத்தி, அதிலிருந்து வளைந்த கம்பி ஒன்றை வெற்றிடத்தில் நிறுத்துவார். புதுப் பல் தலைகாட்டியதும் கம்பியைக் கழற்றிவிடலாம்.