தாராவியின் பிரிவுப் பாடல்

மும்பை:
தாராவியைக் கதைக்களமாகக் கொண்டு 2018 ஜூன் 7-ஆம் தேதி வெளியான "காலா" திரைப்படத்தில் உரத்து ஒலித்தவை ராப் பாடல்கள். தாராவி இளைஞர்களின் "டோப்அடெலிக்ஸ்" இசைக் குழுவும் அவற்றில் பங்கேற்றது. எனினும், படத்தின் கருவை நெருங்கிச் சொல்வது, ஓசை அடங்கிய "கண்ணம்மா" என்னும் பிரிவுப் பாடலே.

பா.ரஞ்சித் இயக்கிய இப்படத்துக்கு இசையமைத்தவர் சந்தோஷ் நாராயணன். கவிஞர் உமாதேவி எழுதிய இப்பாடலை பிரதீப் குமாரும் தீயும் பாடியுள்ளனர். மகாகவி பாரதியார் தம் காதல் கவிதைகளில் விளித்த பெயர், இங்கு கைகூடாத காதலுக்கு உரியதாகிறது.

காதல் வேதனையில் பாடல் பிறப்பது உலகெங்கும் உள்ளதுதான். நண்பர் ஜார்ஜ் ஹாரிசனின் மனைவி பேட்டி பாய்ட் மீது கொண்ட காதலால் தவித்த எரிக் கிளாப்டன், 1970-இல் "லைலா" என்ற ராக் பாடலை வெளியிட்டார். பாரசீகக் கவிஞர் நிஜாமியின் லைலா-மஜ்னு காவியமே அதன் தலைப்புக்கு மூலம். அது ஒரு தனிமனிதரின் வேதனை.

பிரித்தது எது?: காலாவையும் ஜரீனாவையும் பிரித்தது மனக்கசப்பு அன்று, எதிரிகளின் வன்முறையால் அவர்களது திருமணம் தடைபட்டது. பல ஆண்டுகள் கழித்து, குடிசைப் பகுதி மேம்பாட்டுப் பணிக்காக ஜரீனா திரும்பி வருகிறார். காலாவுக்கோ மனைவியும் பிள்ளைகளும் உள்ளனர். பழைய காதலின் வலியோடு, வீடுகளின் எதிர்காலம் குறித்த கருத்து வேறுபாடும் இருவரிடையே எழுகிறது.

திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காக வந்த தமிழர்களின் சந்ததியினர் வாழும் தாராவியில், இந்தக் கவலை திரையோடு முடிவதில்லை. மறுசீரமைப்புத் திட்டத்தை மகாராஷ்டிர அரசு 2004-இல் அறிவித்தது. 2022 நவம்பரில் ரூ. 5,069 கோடிக்கான ஒப்பந்தப்புள்ளி மூலம் அதானி குழுமம் தேர்வானது.

2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்போருக்கு தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம் என்பது திட்டத்தின் விதி. பின்னர் குடியேறியோருக்கும், மேல்தளத்தில் வசிப்போருக்கும் தாராவிக்கு வெளியேதான் வீடு. கீழே தந்தையும் மேலே மகனும் வசிக்கும் குடும்பம் இவ்விதியால் இரண்டாகக் கூடும்.

காதலர் இருவரின் பிரிவைப் பாடும் "கண்ணம்மா", தாராவிவாசிகளுக்குத் தங்கள் சொந்தக் கவலையாகவும் ஒலிப்பது இதனால்தான்.