பிம்பத்துக்குக் கூலி

'மாணவ விளையாட்டு வீரர்' என்ற தொடரை வெகுளியான ஒன்றாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. 1955இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், கல்லூரிக் கால்பந்தாட்டத்தில் (கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற அவர்களுடைய கால்பந்து) தலையில் அடிபட்டு ஒரு மாணவர் செத்துப்போனார். அவர் மனைவி தொழிலாளர் இழப்பீடு கேட்டார். 1957இல் மாநில உச்சநீதிமன்றம் மறுத்துவிட்டது. கல்லூரி கால்பந்து வியாபாரம் செய்யவில்லையாம். இம்மாதிரி இழப்பீட்டுக் கோரிக்கைகளுக்கு அஞ்சித்தான் அந்தத் தொடரைச் சமைத்தோம் என்று, என்.சி.ஏ.ஏ. என்கிற கல்லூரி விளையாட்டுச் சங்கத்தை நெடுங்காலம் நடத்திய வால்டர் பயர்ஸே 1995இல் எழுதினார். 'மாணவர்' என்றாகிவிட்டால் உழைப்பு உழைப்பில்லை, கூலியும் கிடையாது.

சுவாரஸ்யம் இதற்குப் பிறகுதான். முன்னாள் கூடைப்பந்து வீரர் எட் ஓபேனன் ஒரு வீடியோ விளையாட்டில் தன்னையே பார்க்கிறார். அதே மொட்டைத்தலை, அதே சட்டை எண், அதே இடதுகை. பெயர் மட்டும் இல்லை. காசு யாருக்கோ போகிறது. 2009இல் வழக்குப் போட்டார். 2019இல் கலிபோர்னியா, மாணவர்கள் தம் பெயரையும் உருவத்தையும் விற்றுக்கொள்வதைக் கல்லூரிகள் தடுக்கக் கூடாதென்று சட்டம் செய்தது. மற்ற மாநிலங்களும் தொடர்ந்தன. 2021 ஜூனில் ஆல்ஸ்டன் வழக்கில் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பெழுத, ஜூலை 1 முதல் சங்கமும் வழிவிட்டது.

இதை வெற்றி என்றே சொல்வேன். ஆனால் எது விற்பனைக்கு வந்தது என்று பார்க்க வேண்டும். உடல் அல்ல, உடலின் நிழல். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, ஒரு கல்லூரி 2025-26ஆம் ஆண்டில் சுமார் 2.05 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகவே தரலாம் என்றானது. அப்போதும் 'ஊழியர்' என்ற சொல் அதில் இல்லை. பெரும்பாலும் அதுவும் பெயர், உருவத்துக்கான உரிமத்தொகை என்றே எழுதப்படுகிறது. முழங்கால் உடைந்தால் அந்த 1957ஆம் ஆண்டுக் கேள்வி அப்படியே நிற்கிறது.

மாணவர் விசாவில் வந்து ஆடும் வெளிநாட்டுப் பிள்ளைகளின் கதை இன்னும் விசித்திரம். ஆயிரக்கணக்கானவர்கள் பார்க்க வியர்வை சிந்தி ஆடினால் அது வேலையில்லை. அமெரிக்க மண்ணில் நின்று ஒரு செருப்பு விளம்பரத்துக்குச் சிரித்துக் காசு வாங்கினால், அனுமதியில்லாத வேலை. விசாவே போய்விடலாம்.