கடைசிப் பத்தடி

2017 மே மாதம், ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கரையோர ஊரான இவான்ஸ் ஹெட் அருகே 73 வயது மனிதர் ஒருவர் நாலரை மீட்டர் படகில் தனியாகத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். திடீரென, 2.7 மீட்டர் நீளமும் சுமார் 200 கிலோ எடையும் கொண்ட வெள்ளைச் சுறா ஒன்று தண்ணீரிலிருந்து எம்பி, அவர் படகுக்குள் வந்து விழுந்தது. அது அவரைக் கடிக்கவில்லை. பக்கத் துடுப்பு உரசியதிலேயே கைத்தோல் கிழிந்து ரத்தம் கொட்டியது. அவர் ரேடியோவில் உதவி கேட்க, கடல் மீட்புக் குழு வந்து காப்பாற்றியது.

சுறா என்றதும் பல்லைத்தான் நினைக்கிறோம். அதன் தோலே ஓர் ஆயுதம். உடல் முழுக்கப் பல்லின் அமைப்பிலேயே உருவான நுண்செதில்கள், வாலை நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. எதிர்த்திசையில் தேய்த்தால் அரம்தான். நைலான் நரம்பு அதில் உரசியே அறுந்துபோகும். அதனால் பெரிய சுறாவைப் பிடிப்பவர்கள் தூண்டில் முள்ளுக்கு மேலே எஃகுக் கம்பி கட்டுகிறார்கள்.

அந்தக் கம்பியில்தான் அடுத்த ஆபத்து. சுறா படகிலிருந்து பத்தடி தூரத்துக்கு வந்ததும், ஒருவர் கம்பியைக் கையால் பற்றி இழுப்பார். களைத்துவிட்டதாகத் தோன்றும் சுறா அந்த நொடியில் ஆழத்துக்குப் பாய்ந்தால், கையில் சுற்றிய கம்பி இறுகும். விரல் போகலாம், ஆளே கடலுக்குள் போகலாம். எனவே உதறியதும் கழன்றுவிடும்படி மட்டுமே கம்பியைப் பிடிக்க வேண்டும். தடித்த கையுறை வேண்டும். தளத்தில் சுருண்டு கிடக்கும் கயிற்றுக்குள் எவர் காலும் இருக்கக் கூடாது. கம்பி வெட்டும் கருவி, தேடாமல் எடுக்கும் இடத்தில் இருக்க வேண்டும்.

மகோ சுறா விஷயத்தில் எச்சரிக்கை இன்னும் அதிகம் தேவை. நீந்தும் தசைகளில் உண்டாகும் வெப்பம் வெளியேறாதபடி அதன் ரத்தக் குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. சுற்றியுள்ள நீரைவிடச் சூடான அந்தத் தசைகள் சட்டென வேகமெடுக்கும். 2022 நவம்பரில் நியூசிலாந்தின் விட்டியாங்கா பகுதியில், தூண்டிலில் சிக்கிய மகோ ஒன்று சுற்றுலாப் படகின் அணியத்தில் பாய்ந்து விழுந்து துள்ளியது. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை. இறுக்கமாக இருந்த தூண்டில் நரம்பு சட்டெனத் தளர்ந்து மேலெழுந்தால், சுறா குதிக்கப்போகிறது என்று கொள்ள வேண்டும். உடனே படகை விலக்கி ஓட்டுவதே வழி.

சுறாவின் உந்துவிசை எல்லாம் வாலில். தண்ணீரில் இருக்கும்போதே வாலில் சுருக்குக் கயிறு மாட்டிப் படகோடு கட்டிவிட்டால் அதன் பலம் பெரிதும் அடங்கும். உயிருள்ள பெரிய சுறாவைப் படகுக்குள் ஏற்றவே கூடாது. செத்துவிட்டதாகத் தெரியும் சுறாவின் தாடைகூடத் தொட்டால் கவ்வக்கூடும். கம்பியை முள்ளருகே வெட்டி அதைப் போகவிடுவது மனிதருக்கும் சுறாவுக்கும் நல்லது. அழிவின் விளிம்பை நெருங்கும் இனங்களின் சர்வதேசப் பட்டியலில் 2019 முதல் மகோவும் இருக்கிறது.

இவான்ஸ் ஹெட்டில் கரை பக்கத்திலேயே இருந்தது. சுறா வேட்டைக்குப் பெயர்பெற்ற குமரி மாவட்டத் தூத்தூர் மீனவர்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்குகிறார்கள். அங்கே ஒரு வெட்டுக்காயம் பட்டால் மருத்துவமனை பல நாள் பயணத் தொலைவில். காயத்தை விடாமல் அழுத்திப் பிடிப்பது, கை கால்களில் அப்படியும் ரத்தம் நிற்காவிட்டால் காயத்துக்கு மேலே அகலப் பட்டையால் இறுகக் கட்டி நேரத்தைக் குறித்துவைப்பது ஆகியவற்றை ஒவ்வொரு படகிலும் இரண்டு பேராவது கரையிலேயே பழகிவிட்டுக் கிளம்ப வேண்டும்.