வாயில் காமிராவும் வீட்டு டெலிவிஷனும்

1959 செப்டம்பர் 15-ஆம் நாள் புது தில்லியில் இந்தியாவின் முதல் டெலிவிஷன் ஒளிபரப்புத் தொடங்கியது. அதற்குச் சிறிது காலம் முன்பு, தில்லியில் நடந்த ஒரு கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் டெலிவிஷன் சாதனங்களை இயக்கிக் காட்டியிருந்தது. அங்கு காட்டப்பட்ட முறையில் காட்சி வானில் பரவவில்லை. காமிராவிலிருந்து கம்பி வழியாகவே பெட்டியை அடைந்தது. இதற்கு மூடிய சுற்று டெலிவிஷன் என்று பெயர். இன்று தில்லி வீடுகளின் வாயில்களில் தொங்கும் காவல் காமிராக்கள் இம்முறையின் வாரிசுகளே.

நகரின் பல குடியிருப்புகளில் தரைத் தளம் வண்டிகள் நிறுத்தும் இடமாக இருக்கிறது. குடும்பங்கள் மேல் மாடிகளில் வசிக்கின்றன. மணி ஒலித்தால் கீழே நிற்பவர் யார் என்பதை மூன்றாம் மாடியிலிருந்தே காண விரும்புவது இயல்பு. செங்கோட்டைக்கு எதிரேயுள்ள லஜபத் ராய் மார்க்கெட்டில் காமிரா ஒன்றை வாங்கி வந்து, டெலிவிஷனோடு இணைத்த பின்பும் திரை கறுப்பாகவே நின்றுவிடுவதுண்டு. காமிராவும் பெட்டியும் பழுதின்றி இருக்கும்போதே இவ்வாறு நேர்வது பலருக்கு வியப்பளிக்கிறது.

இதன் காரணத்தை அறியக் கம்பியில் செல்வது என்ன என்று பார்க்க வேண்டும். பழைய வகைக் காமிரா, காட்சியை 625 வரிகளாகப் பிரித்து, விநாடிக்கு 25 முழுப் படங்கள் வீதம் அனுப்புகிறது. கம்பியில் உள்ள மின்னழுத்தம் ஒரு வோல்ட் எல்லைக்குள் ஏறி இறங்கும். அதில் ஏறத்தாழ 0.7 வோல்ட் படத்தின் வெளிச்சத்தையும், எஞ்சிய 0.3 வோல்ட் ஒவ்வொரு வரியும் எங்கே தொடங்குகிறது என்பதையும் குறிக்கும். டெலிவிஷனில் மஞ்சள் நிறத்தில் உள்ள ஏ.வி. துளை எதிர்பார்ப்பது இதையே. ஆகவே பழைய காமிராவின் கம்பிக்கு உரிய முனையைப் பொருத்தி இத்துளையில் செருகினால் போதும். கம்பி 75 ஓம் வகையைச் சேர்ந்ததாக இருத்தல் அவசியம். வேறு வகைக் கம்பியில் அலை முனையில் எதிரொலித்துத் திரும்புவதால், உருவத்தின் அருகே மங்கலான நிழலுருவம் தோன்றும்.

இக்காலத்துக் காமிராக்களோ இதே கம்பியில் மிகுந்த நுட்பமுள்ள படத்தை அனுப்புகின்றன. அகலத்தில் 1,920, உயரத்தில் 1,080 என ஒரு படத்திலேயே 20 லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள். ஏ.வி. துளைக்கு இது புரியாது. சில காமிராக்களின் கம்பியில் உள்ள சிறு பொத்தானை அழுத்திப் பிடித்தால் அவை பழைய முறைக்கு மாறிவிடும். நுட்பம் குறையும், படம் தெரியும். நுட்பத்தையும் இழக்க விரும்பாதோர் பதிவுப் பெட்டி ஒன்றை இடையில் வைத்து, அதிலிருந்து எச்.டி.எம்.ஐ. கம்பியை டெலிவிஷனுக்குக் கொண்டு செல்ல வேண்டும். படத்தை எண்களாகவே சுருக்கி அனுப்பும் ஐ.பி. காமிராவுக்கும் அதற்கேற்ற பதிவுப் பெட்டி உண்டு.

படம் வந்த பின்னும் ஒரு தொல்லை எஞ்சக்கூடும். அகன்ற பட்டை ஒன்று திரையில் மெல்ல மேலேறியோ கீழிறங்கியோ ஊர்ந்து செல்லும். காமிராவையே மாற்றிவிட்டுப் பயன் காணாதோர் உண்டு. பெரும்பாலும் குற்றம் இருப்பது எர்த் இணைப்பில். உலோக உடல் கொண்ட காமிரா கீழே இரும்புத் தூணில் பொருத்தப்பட்டு மண்ணைத் தொடுகிறது. மேலே டெலிவிஷன் வேறொரு வழியாக மண்ணைத் தொடுகிறது. இவ்விரு இடங்களின் மின்னழுத்தம் சமமாக இராததால், கம்பியின் மேலுறை வழியே சிறு மின்னோட்டம் பாய்ந்து படத்தோடு கலக்கிறது. வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை மாறுவது. படத்தின் அரைப்பகுதிகளும் விநாடிக்கு 50. இரண்டும் ஏறத்தாழ ஒத்திருப்பதாலேயே பட்டை விரைந்தோடாமல் ஊர்கிறது. காமிராவுக்கும் தூணுக்கும் இடையே பிளாஸ்டிக் தகடும், திருகாணிகளுக்குப் பிளாஸ்டிக் உறையும் இட்டால் பட்டை மறையும்.

பதிவுப் பெட்டியை இணையத்தோடு சேர்த்தால் அலுவலகத்திலிருந்தும் கைப்பேசியில் வாயிலைக் காணலாம். அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. 2016-ஆம் ஆண்டு மிராய் என்னும் தீய நிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட காமிராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் பெருமளவில் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபரில், அவற்றைக் கொண்டே அமெரிக்காவின் பெரிய இணையத் தளங்கள் பல முடக்கப்பட்டன. இந்தியாவில் விற்கப்படும் காவல் காமிராக்கள் பாதுகாப்புச் சோதனைக்கு உட்பட வேண்டும் என்ற மத்திய அரசின் ஆணை 2024 ஏப்ரலில் வெளியாகி, ஓராண்டுக்குப் பின் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே வாயிலில் ஏறிவிட்ட காமிராக்களின் கடவுச்சொல்லை வீட்டாரே மாற்றியாக வேண்டும். தம் வாயிலைத் தம் வீட்டிலிருந்தே பார்ப்பது மட்டும் போதும் என்போருக்கு இணையம் தேவையே இல்லை. இணையக் கம்பியை உருவிவிட்டாலும் பதிவுப் பெட்டியின் படம் டெலிவிஷனில் முன்போலவே தெரிந்துகொண்டிருக்கும்.